மின்சார மரம் அறுக்கும் ரம்பம்: பாதுகாப்பான பயன்பாடும், காயம் ஏற்பட்டால் செய்ய வேண்டியவையும்

மின்சாரத்தால் இயங்கும் சங்கிலி ரம்பம், 'மரம் அறுக்கும் மெஷின்' என்று ஊர்வழக்கில் அழைக்கப்படுகிறது. விறகு அறுக்கவும், கிளைகளைக் கழிக்கவும், சாய்ந்த மரங்களை அகற்றவும் வீடுகளிலும் தோட்டங்களிலும் இது பயன்படுகிறது. விலை குறைவாகவும் இயக்குவதற்கு எளிதாகவும் இருப்பதால், பயிற்சி பெறாதவர்களும் இதைக் கையில் எடுக்கின்றனர். இக்கருவியால் ஏற்படும் காயம் ஒரு விநாடிக்கும் குறைவான நேரத்தில் நிகழ்ந்துவிடும். அதற்குள் கையை விலக்கிக்கொள்ள எவராலும் இயலாது. ஆகவே, சுவிட்சைப் போடுவதற்கு முன் செய்யும் ஏற்பாடுகளே உங்களைக் காக்கும். காயம் ஏற்பட்டுவிட்டால், அருகில் இருப்பவர் முதல் பத்து நிமிடங்களில் செய்யும் உதவியே உயிரையும் உறுப்பையும் காக்கும்.

மரம் அறுக்க முனைவோர், காயமுற்றோர், அவர்களைப் பராமரிக்கும் குடும்பத்தினர் ஆகியோருக்காக இப்பக்கம் எழுதப்பட்டுள்ளது.

முக்கியச் செய்திகள்

• ரம்பத்தை எப்போதும் இரு கைகளாலும் பிடிக்க வேண்டும். தோள் உயரத்திற்கு மேல் அறுக்கக் கூடாது.
• ஏணி மீதோ மரக்கிளை மீதோ நின்றுகொண்டு அறுக்கக் கூடாது.
• மின்கம்பி தொட்டுக்கொண்டிருக்கும் மரத்தின் அருகே செல்லக் கூடாது. மின்வாரியத்திற்குத் தெரிவிக்க வேண்டும்.
• இரத்தம் பெருகினால் தூய துணியால் காயத்தின் மீது அழுத்திப் பிடித்து, 108-ஐ அழைக்க வேண்டும்.
• சிறிய காயமாகத் தோன்றினாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் இதை அறிந்துகொள்வது ஏன் தேவை?

2018 நவம்பர் 16 அன்று அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை ஆகிய மாவட்டங்களில் பெருஞ்சேதம் ஏற்பட்டது. புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு, அறந்தாங்கி உள்ளிட்ட பகுதிகளில் தென்னையும் பலாவும் பிற மரங்களும் பெருமளவில் சாய்ந்தன. சாலைகளிலும் கூரைகள் மீதும் மின்கம்பிகள் மீதும் மரங்கள் கிடந்தன. பல ஊர்களில் பல நாட்களுக்கு மின்சாரம் இல்லை. வீட்டையும் பாதையையும் உடனே மீட்க வேண்டிய நிலையில், மக்கள் கிடைத்த கருவியைக் கொண்டு மரங்களை அறுக்க வேண்டியதாயிற்று.

வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரை இத்தகைய நிலை மீண்டும் வரலாம். மற்ற மாதங்களிலும் தைலமரம், சீமைக் கருவேலம், காய்ப்பு ஓய்ந்த தென்னை ஆகியவற்றை வெட்டும் பணி இம்மாவட்டத்தில் நடைபெறுகிறது. புயல் கடந்த பின்னர் நிகழும் காயங்களுக்குப் பெரும்பாலும் அவசரமே காரணம். பாதையில் கிடக்கும் மரம் ஒரு நாள் கிடந்தால் இடையூறு மட்டுமே. கை அறுபட்டால் ஒரு குடும்பத்தின் பிழைப்பே நின்றுவிடும்.

இக்கருவி எவ்வாறு காயப்படுத்துகிறது?

ரம்பத்தின் நீண்ட தகட்டைச் சுற்றிப் பற்கள் கொண்ட சங்கிலி, விநாடிக்குப் பத்து மீட்டர் அளவிலான வேகத்தில் ஓடுகிறது. கத்தி கீறுவது போல இது கீறுவதில்லை. ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் அகலத்திற்குத் தசையைப் பிய்த்து அகற்றிவிடுகிறது. தோல், தசை, தசைநாண், நரம்பு, இரத்தக் குழாய், எலும்பு ஆகிய அனைத்தும் ஒரே நேரத்தில் அறுபடக்கூடும். மரத்தூள், சங்கிலி எண்ணெய், ஆடையின் நூலிழை ஆகியன காயத்தினுள் ஆழமாகப் புகுந்துவிடும். இக்காரணங்களால் இக்காயத்தை வீட்டில் கழுவிக் கட்டி ஆற்றிவிட முடியாது.

இடது கையும், இடது தொடை மற்றும் முழங்காலும் அதிகமாகக் காயமுறும் பகுதிகளாகும். தலை, கழுத்து, தோள் ஆகியவற்றில் ஏற்படும் கொடிய காயங்களுக்கு 'எதிருதைப்பு' முக்கியக் காரணம். ரம்பத் தகட்டின் நுனியின் மேற்பகுதி கிளையிலோ கட்டையிலோ பட்டவுடன், ரம்பம் மேல்நோக்கியும் பின்நோக்கியும் அறுப்பவரின் முகத்தை நோக்கித் தூக்கி எறியப்படுகிறது. இதுவே எதிருதைப்பு. கண் இமைப்பதற்குள் இது முடிந்துவிடும். நுனியால் அறுக்காதிருப்பதும், நுனி எங்கே இருக்கிறது என்பதை எப்போதும் கவனிப்பதும் இதைத் தவிர்க்கும் வழிகள்.

யார் இக்கருவியை இயக்கக் கூடாது?

கீழ்க்காணும் நிலையில் உள்ளவர்கள் ரம்பத்தை இயக்காமல் இருப்பதே நலம். இயக்கியே ஆக வேண்டுமெனில், முன்னதாக மருத்துவரிடம் ஆலோசனை பெற வேண்டும்.

• வலிப்பு, அடிக்கடி தலைச்சுற்றல் அல்லது மயக்கம் உள்ளவர்கள்.
• மது அருந்தியவர்கள். தூக்கம் வரவழைக்கும் சளி, ஒவ்வாமை அல்லது மனநல மருந்துகளை உட்கொள்பவர்கள்.
• இரத்தம் உறைவதைக் குறைக்கும் மருந்துகளை உட்கொள்பவர்கள். வார்ஃபரின், அசெனோகூமரால், குளோபிடோக்ரெல், ஆஸ்பிரின் ஆகியன இவ்வகையைச் சேர்ந்தவை. சிறு காயத்திலும் இவர்களுக்கு இரத்தம் எளிதில் நிற்காது. மரம் அறுப்பதற்காக மருந்தைத் தாமாக நிறுத்துவது அதைவிடப் பெரிய ஆபத்து.
• இன்சுலின் அல்லது சர்க்கரை குறைக்கும் மாத்திரை எடுத்துக்கொள்ளும் நீரிழிவு நோயாளிகள். உழைப்பின்போது சர்க்கரை திடீரெனக் குறைந்து மயக்கம் வரலாம். பாதத்தில் உணர்வு குறைந்திருந்தால் காயம் பட்டதே தெரியாமலும் போகலாம்.
• இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டவர்கள். மின் மோட்டாரை மார்பின் அருகே கொண்டுவருவது குறித்து இதய மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும்.
• கண்புரை உள்ளவர்கள், ஒரு கண்ணில் மட்டும் பார்வை உள்ளவர்கள்.
• கருவுற்ற பெண்கள், 18 வயது நிறைவடையாதவர்கள்.

ரம்பத்தைத் தொடர்ந்து இயக்குபவர்களுக்கு அதிர்வினால் விரல்கள் வெளுத்துப்போதல், மரத்துப்போதல், குத்தல் ஆகியன தோன்றலாம். இவை தோன்றினால் வேலையை நிறுத்திவிட்டு மருத்துவரைக் காண வேண்டும். தொடர்ந்து செய்தால் இப்பாதிப்பு நிலைத்துவிடும்.

உடையும் காப்புக் கருவிகளும்

லுங்கி, வேட்டி, புடவை, துப்பட்டா, தோளில் துண்டு ஆகியவற்றுடன் ரம்பத்தை இயக்கக் கூடாது. துணி சங்கிலியில் சிக்கினால் உடலையும் சேர்த்து இழுத்துவிடும். உடலை ஒட்டிய முழுக்கால் சட்டையும் முழுக்கைச் சட்டையும் அணிய வேண்டும். மோதிரம், காப்பு, கைக்கயிறு ஆகியவற்றைக் கழற்றிவிட வேண்டும். நீண்ட கூந்தலைக் கட்டி மூட வேண்டும்.

• தலைக்கவசமும் கண்ணாடியும்: மூக்குக் கண்ணாடி பாதுகாப்புக் கண்ணாடி ஆகாது. பக்கவாட்டிலும் கண்ணை மூடும் கண்ணாடி தேவை.
• காதடைப்பான்: மின்சார ரம்பத்தின் ஒலியும் செவியைப் பாதிக்கக்கூடியதே.
• முன்பகுதி வலுவூட்டப்பட்ட காலணி: செருப்போ வெறுங்காலோ கூடாது.
• வழுக்காத கையுறை.
• ரம்பப் பாதுகாப்புக் கால் உறை: இதிலுள்ள இழைகள் சங்கிலியில் சிக்கி அதை நிறுத்த முயலும். மின்சார மோட்டார் விடாமல் சுழல முற்படுவதால், இவ்வுறை காயத்தின் ஆழத்தைக் குறைக்கலாமே தவிர முற்றிலும் தடுக்கும் என்று நம்பிவிடக் கூடாது.

மின்சாரம் தொடர்பான எச்சரிக்கைகள்

1. 2,000 வாட் ரம்பம் ஏறத்தாழ 9 ஆம்பியர் மின்சாரத்தை இழுக்கும். விளக்கு, மின்விசிறிக்கு உரிய 5 ஆம்பியர் பிளக்கில் செருகினால் கம்பி சூடேறித் தீப்பிடிக்கலாம். 15 ஆம்பியர் பிளக் புள்ளியையே பயன்படுத்த வேண்டும்.
2. வீட்டு இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுத் துண்டிப்பான் இருப்பது கட்டாயத் தேவை என்று கருதுங்கள். மின்கசிவு ஏற்பட்டவுடன் அது மின்சாரத்தைத் துண்டித்து உயிரைக் காக்கும்.
3. நீட்டிப்புக் கம்பி தடிமனானதாகவும், ஒட்டுப் போடாததாகவும் இருக்க வேண்டும். சுருட்டி வைத்த நிலையில் பயன்படுத்தாமல் முழுவதும் விரித்துவிட வேண்டும்.
4. கம்பி எப்போதும் உங்களுக்குப் பின்னால் இருக்க வேண்டும். காலடியிலோ சங்கிலியின் அருகிலோ கிடக்கக் கூடாது.
5. மழையிலும், ஈரத் தரையிலும், ஈரக் கையுடனும் இயக்கக் கூடாது.
6. மின்தடை ஏற்பட்டால் உடனே பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். சுவிட்ச் அழுத்திய நிலையில் சிக்கியிருந்தால், மின்சாரம் திரும்பியதும் ரம்பம் தானாக ஓடத் தொடங்கும்.
7. புயலுக்குப் பின் ஜெனரேட்டர் கொண்டு இயக்குவதாயின், அதை வீட்டின் மின் இணைப்பில் செருகக் கூடாது. அவ்வாறு செய்தால் மின்சாரம் தெருக் கம்பிக்குச் சென்று, பழுதுபார்க்கும் மின் ஊழியரின் உயிரைப் பறிக்கலாம். ஜெனரேட்டரை வீட்டிற்குள் வைப்பதும் நச்சுப்புகையால் உயிரிழப்பை ஏற்படுத்தும்.

விறகு அறுக்கும்போது

தொடங்குமுன் பிளக்கைப் பிடுங்கிய நிலையில் சங்கிலியின் இறுக்கம், எண்ணெய் அளவு ஆகியவற்றைப் பாருங்கள். பின்னர், சங்கிலியை நிறுத்தும் பிரேக் வேலை செய்கிறதா என்று சோதித்த பிறகே வேலையைத் தொடங்குங்கள். மரத்தில் ஆணி, கம்பி, கொக்கி இருந்தால் அகற்றிவிடுங்கள். குழந்தைகளையும் கால்நடைகளையும் அப்பால் அனுப்பிவிடுங்கள்.

கட்டையை ஒருவர் காலால் மிதித்துப் பிடிக்க மற்றொருவர் அறுக்கும் வழக்கம் பல இடங்களில் உள்ளது. இது பிடிப்பவரின் காலைப் பறிக்கக்கூடிய வழக்கம். கட்டையை உருளாதவாறு மரத்தாங்கியில் வைத்தோ இருபுறமும் அண்டை கொடுத்தோ அறுக்க வேண்டும்.

கால்களை அகட்டி உறுதியாக நின்று, இடது கையால் முன்பிடியையும் வலது கையால் பின்பிடியையும் பற்ற வேண்டும். இடது கட்டைவிரல் முன்பிடியின் கீழே சுற்றி வளைந்திருக்க வேண்டும். ரம்பத்தின் நேர்க்கோட்டில் உங்கள் தலை இல்லாதவாறு சற்று இடப்புறமாக நில்லுங்கள். சங்கிலி முழு வேகத்தை அடைந்த பின்னரே மரத்தைத் தொட வேண்டும். ஓர் அறுப்பிலிருந்து அடுத்ததற்கு நகரும்போது பிரேக்கைப் போட்டுவிட வேண்டும். சங்கிலி சிக்கிக்கொண்டால் இழுக்காமல், பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஆப்பு வைத்து விடுவிக்க வேண்டும்.

நிற்கும் மரத்தை வீழ்த்தும்போது

மின்கம்பியுடன் கூடிய ரம்பம் மரம் வீழ்த்துவதற்கு ஏற்றதன்று. மரம் சாயும் கணத்தில் விலகி ஓட வேண்டிய வழியில் அக்கம்பியே காலைத் தடுக்கிவிடும். ரம்பத் தகட்டின் நீளத்தைவிடப் பருத்த மரம், வீட்டின் பக்கமோ மின்கம்பியின் பக்கமோ சாய்ந்த மரம், உள்ளே பொந்தான மரம் ஆகியவற்றை அனுபவமுள்ள தொழிலாளரிடமே விட்டுவிடுங்கள். அவர்கள் கடைப்பிடிக்க வேண்டியவை:

• மரத்தின் உயரத்தைப் போல் இரு மடங்கு தொலைவிற்குள் வேறு எவரும் இருக்கக் கூடாது.
• மரம் சாயும் திசைக்கு எதிர்ப்புறமாக, குறுக்குச் சாய்வில் இரண்டு விலகு வழிகளை முன்னதாகவே சீர்செய்ய வேண்டும்.
• கதண்டுக் கூடு, தேன்கூடு, முறிந்து தொங்கும் கிளை ஆகியவை உள்ளனவா என்று மேலே பார்க்க வேண்டும்.
• சாய வேண்டிய பக்கத்தில் விட்டத்தில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு ஆழத்திற்கு ஆப்பு வடிவில் வெட்டி எடுக்க வேண்டும். பின்னர் மறுபக்கத்தில், அவ்வெட்டின் அடித்தளத்தைவிடச் சற்று உயரத்தில் அறுக்க வேண்டும்.
• இரு வெட்டுகளுக்கும் இடையே விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு மரத்தை அறுக்காமல் விட வேண்டும். 40 சென்டிமீட்டர் பருமனுள்ள மரத்தில் இது 4 சென்டிமீட்டர். இப்பகுதி கதவின் கீல் போல இருந்து மரத்தை நிதானமாகச் சாய்க்கும். இதை முழுவதும் அறுத்துவிட்டால் மரம் எத்திசையிலும் விழலாம்.

தென்னையின் தண்டில் வெளிப்பகுதி வன்மையாகவும் நடுப்பகுதி மென்மையாகவும் இருப்பதால், இந்தக் 'கீல்' மற்ற மரங்களில் போல நம்பத்தக்கதன்று. மட்டைகளையும் காய்களையும் முதலில் இறக்கி, கயிறு கட்டி, திசையைக் கட்டுப்படுத்திய பின்னரே அறுக்க வேண்டும். பனை மரத்தை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி தேவை என்பதையும் நினைவில் கொள்க.

புயலில் சாய்ந்த மரங்கள்

கிடக்கும் மரம் அசையாது என்று எண்ணிவிடக் கூடாது. வளைந்து கிடக்கும் தண்டும் கிளையும் இழுத்த வில்லைப் போன்றவை. தவறான பக்கத்தில் அறுத்தால் அவை விடுபட்டு முகத்திலோ மார்பிலோ அறையும். அழுந்தியிருக்கும் உட்புற வளைவில் முதலில் சிறிதளவு அறுத்து, பின்னர் விரிந்திருக்கும் வெளிப்புறத்தில் சிறிது சிறிதாக அறுக்க வேண்டும். அறுப்பவர் வளைவின் உட்பக்கத்தில் நிற்க வேண்டும். தண்டு துள்ளும் பக்கத்தில் நிற்கக் கூடாது.

வேரோடு சாய்ந்த மரத்தின் தண்டை அறுத்தவுடன், மண்ணோடு கூடிய வேர்ப்பகுதி திடீரென நிமிர்ந்து பழைய குழியிலேயே அமரக்கூடும். அக்குழியில் ஒருபோதும் எவரும் நிற்கவோ, குழந்தைகள் விளையாடவோ கூடாது. மற்றொரு மரத்தில் சாய்ந்து தொங்கும் மரத்தின் கீழே செல்வதையும் தவிர்க்க வேண்டும்.

காயம் ஏற்பட்டால்: முதல் பத்து நிமிடங்கள்

தனியாக மரம் அறுக்காதீர்கள். கைபேசியுடன் ஒருவர் பாதுகாப்பான தொலைவில் இருக்க வேண்டும். அவர் செய்ய வேண்டியவை:

1. முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள் அல்லது மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். மின்தாக்குதல் எனில், மின்சாரம் துண்டிக்கப்படும் வரை காயமுற்றவரைத் தொடாதீர்கள்.
2. 108-ஐ அழையுங்கள். ஊர், ஒன்றியம், அருகிலுள்ள கோயில், பள்ளி அல்லது பேருந்து நிறுத்தத்தைக் கூறுங்கள். தோட்டம் உள்ளடங்கி இருந்தால் ஒருவரைச் சாலையில் நிறுத்துங்கள்.
3. தூய துணியை மடித்துக் காயத்தின் மீது வைத்து, உள்ளங்கையால் பலமாக அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். துணி நனைந்தால் அதன் மேலேயே மற்றொரு துணியை வைத்து அழுத்துங்கள்.
4. கை அல்லது காலில் பீறிடும் இரத்தம் அழுத்தியும் நிற்காவிட்டால், 5 சென்டிமீட்டர் அகலமுள்ள துணிப்பட்டையைக் காயத்திற்கு 5 முதல் 8 சென்டிமீட்டர் மேலே, மூட்டின் மீது படாமல் கட்டுங்கள். முடிச்சில் ஒரு குச்சியை வைத்து, இரத்தம் நிற்கும் வரை முறுக்குங்கள். கட்டிய நேரத்தைக் குறித்து மருத்துவக் குழுவினரிடம் சொல்லுங்கள். மருத்துவமனை சேரும் வரை தளர்த்தாதீர்கள். மெல்லிய கயிறோ கம்பியோ பயன்படுத்தாதீர்கள்.
5. படுக்க வைத்துப் போர்த்திவிடுங்கள். முகம் வெளிறுதல், குளிர்ந்த வியர்வை, குழப்பமான பேச்சு ஆகியவை இரத்த இழப்பின் அறிகுறிகள்.
6. மரம் மேலே விழுந்திருந்தாலோ உயரத்திலிருந்து விழுந்திருந்தாலோ, முதுகெலும்பு காயமுற்றிருக்கலாம். உட்கார வைக்கவோ தூக்கி ஓடவோ முயலாதீர்கள்.
7. மூச்சு இல்லையெனில், மார்பின் நடுவில் நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டர் ஆழத்திற்கு, உதவி வரும் வரை அழுத்துங்கள்.

விரல் அல்லது உறுப்பு துண்டாகிவிட்டால், அதைத் தேடி எடுத்து, ஈரமான தூய துணியில் சுற்றி, நீர் புகாத பிளாஸ்டிக் பையில் இட்டுக் கட்டுங்கள். அப்பையை ஐஸ் கலந்த நீரில் வையுங்கள். உறுப்பை நேரடியாக ஐஸில் வைத்தால் திசுக்கள் அழிந்துவிடும். நோயாளியுடன் அதையும் அனுப்புங்கள். மீண்டும் இணைக்க இயலுமா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். நேரம் கடக்கக் கடக்க அவ்வாய்ப்பு குறையும்.

செய்யக் கூடாதவை

• காப்பித்தூள், மஞ்சள்தூள், சுண்ணாம்பு, புகையிலை, சாணம் ஆகியவற்றைக் காயத்தில் வைக்கக் கூடாது.
• வெட்டுக்காயப் பூண்டின் சாற்றைச் சிறு கீறலுக்கு இடும் வழக்கம் நம்மிடையே உண்டு. ரம்பக் காயத்தில் அதை இடக் கூடாது. அழுக்கு உள்ளே தங்குவதுடன், மருத்துவர் காயத்தின் ஆழத்தைக் காண்பதும் கடினமாகிறது.
• குத்தி நிற்கும் மரச்சிம்பைப் பிடுங்கக் கூடாது.
• அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்பதால் காபி, தண்ணீர், உணவு எதையும் தரக் கூடாது.
• கண்ணில் தூள் அல்லது சிம்பு பட்டால் கசக்கக் கூடாது.

மருத்துவமனையில்

அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் இரத்தப்போக்கைக் கட்டுப்படுத்தி, தேவைப்பட்டால் அரசு புதுக்கோட்டை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, தஞ்சாவூர், திருச்சி ஆகிய ஊர்களின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளுக்கோ அனுப்புவார்கள். விபத்து எவ்வாறு நிகழ்ந்தது, உட்கொள்ளும் மருந்துகள், ஒவ்வாமை, கடைசியாகத் தடுப்பூசி போட்ட காலம் ஆகியவற்றை உள்ளபடி கூறுங்கள். மருந்துச் சீட்டுகளை உடன் கொண்டுசெல்லுங்கள்.

மண்ணும் மரத்தூளும் படிந்த காயத்தில் இரணஜன்னி வரும் வாய்ப்பு உண்டு. கடைசித் தடுப்பூசி போட்டு ஐந்து ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தால் மீண்டும் போட வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையங்களில் இது இலவசமாகக் கிடைக்கும். சிறு காயமாயினும் விரலை மடக்க இயலாமை அல்லது உணர்வின்மை இருந்தால், தசைநாணோ நரம்போ அறுபட்டிருக்கலாம். உடனே சொல்லுங்கள்.

வீட்டில் பராமரிப்போருக்கு

• கட்டுப் போட்ட கை அல்லது காலை இதய மட்டத்திற்கு மேல் உயர்த்தி வையுங்கள். கட்டை நனையவிடாதீர்கள்.
• நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைச் சொன்ன நாள்வரை தவறாமல் கொடுங்கள். வலி குறைந்ததும் நிறுத்திவிடக் கூடாது.
• நீரிழிவு நோயாளிக்குச் சர்க்கரை அளவைக் கட்டுக்குள் வைத்தால்தான் காயம் ஆறும். புகைபிடித்தல் காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தும்.
• வலி கூடுதல், சிவத்தல், சீழ், துர்நாற்றம், காய்ச்சல், விரல் நுனி நீலமாதல் அல்லது சில்லிடுதல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தாடை இறுகி வாயைத் திறக்க இயலாமை இரணஜன்னியின் அறிகுறி.
• இயன்முறைப் பயிற்சியைக் கைவிடாதீர்கள். தசைநாண் தைக்கப்பட்ட விரலை எப்போது, எந்த அளவு அசைப்பது என்பதை மருத்துவர் கூறியபடியே செய்யுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் கீழ் வீட்டிலேயே இயன்முறை சிகிச்சை பெறுவது குறித்து ஊர் சுகாதாரச் செவிலியரிடம் கேளுங்கள்.
• காயமுற்றவர் தூக்கமின்மை, திடுக்கிட்டு விழித்தல், வேலையை நினைத்த கலக்கம் ஆகியவற்றுக்கு ஆளாகலாம். இது கோழைத்தனம் அன்று. மனநல ஆலோசனையால் இது குணமாகும்.
• முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சை அடங்குமா என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள். தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு பெற்றவர்கள் விபத்து உதவி குறித்துத் தொழிலாளர் துறை அலுவலகத்தை அணுகலாம்.

உதவி எண்கள்

• அவசர ஊர்தி: 108
• மருத்துவ ஆலோசனை: 104
• மனநல ஆலோசனை: 14416
• அறுந்த மின்கம்பி, கம்பி மீது சாய்ந்த மரம் (மின்னகம்): 94987 94987
• மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை: 1077

இப்பக்கத்தில் உள்ளவை பொதுவான விழிப்புணர்வுக்கானவை. காயமுற்றவருக்குரிய சிகிச்சையை, அவரை நேரில் பரிசோதிக்கும் மருத்துவரே முடிவு செய்வார்.